நயினார் வீட்டு ஃபுல் இன்சூரன்ஸ்

அத்தியாயம் ஒன்பது

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதற்கு அஜிதநாத நயினாரைவிட நல்ல உதாரணம் அந்த வாரம் திண்டிவனத்தில் கிடைத்திருக்காது.

மகள் மாலினி கார் வாங்கப்போகிறேன் என்றபோது, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மார்க்கெட்டில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருப்பவர். தினம் நாலு பேரிடமாவது வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் அதே வார்த்தையை மகன் ஜீவேந்திரனிடம் சொல்லப்போய், அவன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. மகளிடம் அந்த வார்த்தை வெளியே வரப் பயந்தது.

அதனால் சுற்றி வளைத்து ஒரு நிபந்தனை போட்டார்.

"உன் சம்பளத்துல வாங்கற. நான் குறுக்கே நிக்கல. ஆனா ஃபுல் இன்சூரன்ஸ் கிடைச்சாத்தான் அந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கணும். வெறும் தேர்டு பார்ட்டின்னா நான் ஒத்துக்கமாட்டேன்."

தேர்டு பார்ட்டி என்றால் நம் வண்டி அடுத்தவனை இடித்தால் அவனுக்கு நஷ்டஈடு, அவ்வளவுதான். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் நம் வண்டிக்கும் சேர்த்து. பழைய வண்டிக்கு அது கிடைப்பது குதிரைக் கொம்பு. அதிலும் ஓட்டப்போவது இருபத்திரண்டு வயதுப் பெண். வண்டியோ இரண்டே கதவு வைத்த, துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடுகிற சிவப்பு ஹெரால்டு. எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவார்? கெட்ட பெயர் இன்சூரன்ஸ்காரருக்கு, நிம்மதி தனக்கு என்று நயினார் கணக்குப் போட்டுவிட்டார்.

இதைச் சொன்ன இடம்தான் வம்பு. ஞாயிற்றுக்கிழமை சமணக் கோயிலான ஜினாலயத்தில், பகவான் சன்னிதியில் நின்றுகொண்டு சொன்னார். அங்கே கொடுத்த வாக்கை அந்த வீட்டில் யாரும் மாற்றியதில்லை.

இன்று அந்த வாக்கின் நாள். விழுப்புரத்தில் இன்சூரன்ஸ் ஆபீசர் வண்டியைப் பார்க்கப்போகிறார்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க" என்றாள் அவர் மனைவி தர்மதேவி, புளிச்சோற்றை டிபன் பாக்ஸில் அழுத்திக்கொண்டே. சூரியன் மறைந்தபின் அந்த வீட்டில் யாரும் வாயில் சோறு வைப்பதில்லை. துணியில் வடிகட்டிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கிடைக்காதுன்னு தெரிஞ்சிகினுதானே போறீங்க?"

சட்டைப் பொத்தானைப் போடுவதில் நயினாருக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

"நான் யாரு பக்கமும் இல்லங்க. எனக்கும் அந்த வண்டிய பத்தி நெனச்சா பயமாத்தான் இருக்குது. ஆனா பையன் போனதுலேருந்து அவ சிரிச்சு நான் பாக்கல. அந்த வண்டிய பாத்துட்டு வந்த அன்னிக்குத்தான் சிரிச்சா. அதையும் நெனச்சுக்குங்க."

நயினார் அதையும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். நேற்று சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்திருந்தார், அது வேறு உறுத்தியது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சீனுவாசன் வீட்டுக்குத் தனியாகப் போய், "ஆபீசர்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது. வண்டில இருக்கற கோளாறு, என் பொண்ணு ஓட்டறதுல இருக்கற கோளாறு, எல்லாத்தையும் நானே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பொய் சொல்வதில்லை என்பது அவர் விரதம். உண்மையைச் சொல்லியே கவிழ்ப்பதற்கு விரதத்தில் தடை எதுவும் இல்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

*

விழுப்புரம் பஸ் நிலையத்தில் இறங்கி ரிக்‌ஷா பிடித்து, ரயில்வே காலனியை ஒட்டிய தெருவுக்கு வந்தார்கள். பஸ்ஸில் மாலினி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் தானே ஓட்டுவது போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முழுப் பெயர் ஜ்வாலாமாலினி. கூட்டுறவு வங்கியில் கிளார்க். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் அவள் ஓட்டும்போது நயினார் ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரி லூர்துமேரி ஷெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பருமனான அம்மாள். கணவர் ரயில் என்ஜின் டிரைவராக இருந்து காலமானவர்.

"வாங்க சார். பொண்ணோட அப்பாவா? நல்லா பாத்துக்குங்க. அப்புறம் குத்தம் சொல்லக்கூடாது."

நயினார் பார்த்தார். பிடிக்கக்கூடாது என்ற முடிவோடுதான் வந்திருந்தார். இருந்தாலும் கண் முன்விளக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரு தடவை போய், மெதுவாகத் திரும்பி வந்தது. சாதுவான வண்டி இல்லை. நிற்கும்போதே கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது.

"இதே விலைக்கு நாலு கதவு வச்ச வண்டி கிடைக்கும்" என்றார் மகளிடம். இதை அவர் சொல்வது எத்தனையாவது முறை என்று அவருக்கே தெரியாது.

"கிடைக்கும்பா."

"இல்லன்னா புதுசா வரப்போற மாருதிக்குப் பணம் கட்டிப் பதிஞ்சு வைக்கலாம். ஊரே பதியுது."

"ஊரே பதியுதுப்பா. எனக்கு இது பிடிச்சிருக்கு."

இதற்கு மேல் என்ன காரணம் கேட்பது? மூட்டை ஏற்ற முடியாது, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக முடியாது, மழைக்கு ஆகாது. பிடித்திருக்கிறது என்ற ஒன்றுக்காக ஒரு பொருள் வாங்கலாம் என்பது நயினாரின் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் லூர்துமேரி. "வாரம் பூரா தண்டவாளத்துமேல ஓடிக்கினு இருந்த மனுஷன். ஞாயித்துக்கெழமையாவது தண்டவாளம் இல்லாத எடத்துல ஓட்டணும்னு இத வாங்கினாரு. பசங்களுக்கு இதுல இஷ்டம் இல்ல. பாண்டிச்சேரிலேருந்து ஒருத்தர் நாளைக்குக் காலையில வர்றாரு. ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடப்போறாராம். எனக்கு மனசில்ல. இந்தப் பொண்ணு வந்து வண்டிய தொட்டுப் பாத்த விதம் எனக்குப் பிடிச்சுது. ஆனா இன்னிக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லிடணும் சார். நானும் எத்தினி நாளு வச்சுக்கினு இருக்கறது?"

ஆக, இன்று கிடைக்காவிட்டால் இந்த வண்டி எப்போதும் இல்லை. மாலினி ஸ்டீரிங்கில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். நயினார் பார்வையைத் திருப்பிக்கொண்டு, கூரை மடிப்பைப் பிரித்தும் கதவைச் சாத்தியும் பார்த்தார்.

*

ஸ்கூட்டரில் சீனுவாசன் வந்து இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்தான் ஆபீசர் கிருஷ்ணசாமி. ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கும் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகம். அவரைப் பார்த்ததும் நயினாருக்கு நம்பிக்கை பிறந்தது.

கிருஷ்ணசாமி யாரிடமும் பேசாமல் வேலையை ஆரம்பித்தார். வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, சேஸிஸ் நம்பர் வெட்டியிருந்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரைப் படியெடுத்தார். மாலினியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். நயினார் அந்த நேரம் முழுவதும் ஷெட்டுக்குள் ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கியதும் ஆபீசர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி ஓடுது. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா பழைய வண்டி. மேல தகரம் கிடையாது, துணி. ஓட்டறவங்களுக்கு வயசு இருபத்திரண்டு. இந்த மாதிரி வண்டிய வாங்கற சின்ன வயசுக்காரங்க மெதுவா போறதுக்கு வாங்கறதில்லம்மா. நான் தேர்டு பார்ட்டி போட்டுத் தர்றேன். ஃபுல் இன்சூரன்ஸ் வேணாம்."

முடிந்தது. நயினார் நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. மாலினியின் முகத்தைப் பார்க்காமல் அப்படியே ரிக்‌ஷா பிடிக்கப் போயிருந்தால், இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

அப்போது சீனுவாசன் தொண்டையைச் செருமினார்.

"சார், பொண்ணோட அப்பா வந்திருக்காரு. திண்டிவனம் மார்க்கெட்டுல நயினார்னா எல்லாருக்கும் தெரியும். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

கிருஷ்ணசாமி நயினாரைப் பார்த்தார். "சொல்லுங்க சார். சிபாரிசா?"

"சிபாரிசு இல்லீங்க." நயினார் ஓர் அடி முன்னால் வந்தார். நேற்று சீனுவாசனிடம் பேசியது அவருக்கு ஞாபகம் வந்தது. நல்ல ஏஜெண்டுதான், சொன்னபடி தன்னைக் கூப்பிட்டுவிட்டான் என்று எண்ணினார். கதவு சாத்தியாகிவிட்டது. தாழ்ப்பாளையும் போட்டுவிடலாம். "எதையும் மறைக்கக்கூடாதுன்னுதான் வந்தேன். கூரைல ரெண்டு எடத்துல தையல் விட்டிருக்கு. நீங்க பாத்திருக்கமாட்டீங்க, மடிப்புக்குள்ள இருக்கு. மழை பேஞ்சா ஒழுகும்."

"அத தைச்சுக்கலாம் சார்" என்றாள் லூர்துமேரி சுருக்கென்று.

"இடது பக்கக் கதவு ரெண்டாவது தடவ சாத்துனாத்தான் சாத்திக்குது. எங்க வீட்டுல ஷெட்டு கெடையாது. வண்டி தெருவுலதான் நிக்கும். எதுத்த வீட்டுப் பசங்க பந்து வெளயாடுவானுங்க."

கிருஷ்ணசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ம். இன்னும் ஏதாவது?"

"என் பொண்ணு விஷயம் இருக்கு." நயினார் மாலினியின் பக்கம் திரும்பவில்லை. "எங்க மண்டி ஜீப்லதான் கத்துக்கினா. ஆரம்பத்துல ரிவர்ஸ் எடுக்கும்போது மூட்ட அடுக்குல வுட்டுட்டா. மூட்ட ஒடஞ்சு மல்லாட்டை ரோடு பூரா கொட்டிப்போச்சு. தெரு மாடெல்லாம் வந்துடுச்சு. அப்புறம் ஒருநாள் கேட்டுல ஒரசிட்டா. ஜீப்ல அந்தக் கோடு இன்னும் இருக்கு. அதுக்கு மேல, குறுக்க எது போனாலும் பிரேக் போட்டுடுவா. ஆடு மாடு இல்லீங்க. அணிலு, ஓணான். மயிலம் ரோட்டுல ஒரு தடவ ஆமை போச்சுன்னு வண்டிய நிறுத்திட்டு எறங்கி நின்னா. பின்னாடி வந்த லாரிக்காரன் கண்டபடி திட்டினான்."

மாலினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் உங்க பொண்ணு வீட்டுல வந்து சொன்னாங்களா?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

"இல்லீங்க."

"ஜீப் டிரைவர் சொன்னாரா?"

"இல்லீங்க. நானே பாத்தேன்."

"மயிலம் ரோட்டுல ஆமை போனத நீங்க எப்படி சார் பாத்தீங்க?"

இந்தக் கேள்வி நயினாரின் கணக்கில் இல்லை. ஆனால் கேட்டாகிவிட்டது. கேட்டபின் மறைப்பதற்கு அவருக்கு வழி தெரியாது.

"பின்னாடி பஸ்ல வந்துகினு இருந்தேன்."

"தற்செயலா?"

"இல்லீங்க. அவ ரோட்டுல ஓட்டற நாள்ல நான் பின்னாடியே பஸ் ஏறிடுவேன். மண்டிக்குள்ள ஓட்டுனா குடோன் சுவத்துக்குப் பின்னால நின்னுகினு பாப்பேன். அவளுக்குத் தெரியாது."

மாலினி ஸ்டீரிங்கைத் துடைத்த முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணசாமி வண்டியின்மேல் சாய்ந்து நின்றார். முதல் முறையாக அந்த முகத்தில் ஒரு தளர்ச்சி தெரிந்தது.

"நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து பாக்கறேன் சார். வண்டி எப்படிங்கன்னா புத்தம்புதுசு மாதிரிங்கிறான். ஓட்டறது எப்படிங்கன்னா ஒரு கோடு விழுந்ததில்லங்கிறான். அப்புறம் வண்டி மரத்துல மோதி நிக்கும்போது போய்ப் பாத்தா, வாங்கும்போதே பாதி வண்டி இல்ல. இன்சூரன்ஸ்ங்கறதே நீங்க சொல்றத நம்பி நாங்க கையெழுத்துப் போடறதுதான். வண்டிக்கு இன்சூரன்ஸ் கேக்க வந்து, கூரை ஒழுகுதுன்னு மடிப்பைப் பிரிச்சுக் காட்டற ஆளை நான் பாத்ததில்ல. இந்த வீட்டுக்கு நான் போடலன்னா வேற யாருக்குப் போடறது?"

நயினார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்.

"இல்லீங்க, நான் சொன்னது..."

"ஒரே ஒரு கேள்வி சார். அதுக்கும் இதே மாதிரி நேரா சொல்லிடுங்க. கோளாறெல்லாம் சொல்லிட்டீங்க. இவ்வளவு நாளு பின்னாடியே போய்ப் பாத்தவரு நீங்க. உங்க பொண்ணு நல்லா ஓட்டுவாங்களா?"

இதோ வந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி பாண்டிச்சேரிக்குப் போய்விடும். மகள் வீட்டில் இருப்பாள். தனக்கு விபத்தைப் பற்றிய பயம் கொஞ்சம்தான் என்பதை நயினார் அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒப்புக்கொண்டார். பெரிய பயம் வேறு. ஒரு பிள்ளை வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவில்லை. இப்படி ஒரு வண்டி வாசலில் நின்றால் இன்னொன்றும் ஏறிப் போய்விடும். வீட்டில் அவரும் தர்மதேவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஒரு பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஓட்டுவா" என்றார்.

"நல்லா?"

"நல்லா ஓட்டுவா. எங்க டிரைவர் சின்னதுரை மண்டிக்குள்ள ஜீப்பத் திருப்பறதுக்கு முன்ன பின்ன நாலு தடவ போவான். இவ ஒரே வளைப்புல திருப்பிடுவா. எவன் ஹாரன் அடிச்சாலும் பதறமாட்டா. யாரையும் முந்தணும்னு போகமாட்டா. ஆனா முந்தணும்னு முடிவு பண்ணிட்டா, சுத்தமா முந்திட்டுப் போயிடுவா." இப்போதுதான் அவர் மாலினியின் பக்கம் திரும்பினார். "கண்காணிக்கணும்னுதான் மொதல்ல சுவத்துக்குப் பின்னால நின்னேன். அப்புறம் அவ ஓட்டறத பாக்கணும்னே நின்னேன்."

லூர்துமேரி மூக்கை உறிஞ்சினாள். மாலினி சட்டென்று திரும்பி, ஷெட்டின் மூலையில் இருந்த பழைய டயரை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

"சாயங்காலம் இவங்க ஓட்டிக்கினு போனா நீங்க பக்கத்துல உக்காந்து போவீங்களா?" என்றார் கிருஷ்ணசாமி. ஆபீசர்களுக்கு ஒரு கேள்வி என்பது எப்போதும் இரண்டு கேள்வி.

நயினார் திரும்புவதற்கு பஸ் என்றுதான் நினைத்திருந்தார்.

"உக்காந்து போறேன்" என்றார்.

*

மதியச் சாப்பாடு லூர்துமேரி வீட்டு வராந்தாவில் நடந்தது. புளிச்சோறு அவளுக்கும் ஒரு பங்கு. பிறகு ஆபீசில் காத்திருந்து, இன்சூரன்ஸ் கவர் நோட்டில் கிருஷ்ணசாமி கையெழுத்துப் போட்டு, "கூரைய இந்த வாரமே தைச்சுடுங்க" என்று சொல்லி அனுப்பியபோது வெயில் தணிந்துவிட்டது.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கும்போது லூர்துமேரி வண்டியின் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். "நல்லா ஓட்டுமா. ஞாயித்துக்கெழம மட்டும் ஷெட்டுல போட்டு வைக்காத, அதுக்குப் பிடிக்காது."

இடது கதவை நயினார் இரண்டு தடவை சாத்தினார். வண்டி கிளம்பியது.

விக்கிரவாண்டி வருகிறவரை அவர் ஒரு கையால் கதவையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே லாரி வந்தபோதெல்லாம் அவர் காலும் இல்லாத பிரேக்கை மிதித்தது. விக்கிரவாண்டிக்கு அப்புறம் ஒரு கையை விட்டார். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. சாலை ஓரத்துப் புளியமரங்கள் தலைக்கு மேலேயே ஓடின. இத்தனை வருஷம் இதே ரோட்டில் போய் வந்திருக்கிறார், மரத்தின் உச்சியை ஒரு நாளும் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சும்மா வந்தார்.

மாலினிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா. நேத்து நீங்க சீனுவாசன் சார் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும்."

நயினார் மறுபடியும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில பேங்க்ல லீவு எழுதிக் குடுக்கப் போனப்ப வழியில பாத்தாரு. 'உங்கப்பா காரியத்தையே கவுக்கப் பாக்கறாரும்மா. அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கினு வராத, பேஜாராயிடும்'னாரு."

"அப்புறம் ஏன் கூட்டிக்கினு வந்த?"

"நான்தான் அவருகிட்ட சொன்னேன். ஆபீசர் முடியாதுன்னு சொன்னா, எங்கப்பாவ ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்கன்னு."

நயினார் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண் ரோட்டில் இருந்தது.

"நான் கெட்டத மட்டும் சொல்லிட்டு நின்னிருந்தா?"

"அப்படித்தான் நின்னீங்க. ஆனா அவரு நல்லதையும் கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டா நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அது எனக்குத் தெரியும்பா." கொஞ்ச தூரம் போனபின் மெல்லச் சொன்னாள்: "சுவத்துக்குப் பின்னால நின்னதுதான் தெரியாது. நான் நல்லா ஓட்டறேன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? யாராவது கேட்டாத்தான் சொல்லுவீங்க. கேக்கலன்னா எதையும் சொல்லமாட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராகப் போய்த் தைத்தது. யாரும் கேட்காத காரணத்தால் நயினார் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. பொய் இல்லையே, கேட்டால் சொல்லப்போகிறேன் என்று அதையும் விரதக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். இவ்வளவு நம்பிக்கையோடு பக்கத்தில் ஒருத்தி வண்டி ஓட்டும்போது அந்தக் கணக்கு அவருக்கே அசிங்கமாகத் தெரிந்தது.

"நீ கேக்கல. இருந்தாலும் சொல்றேன்" என்றார். "உங்க அண்ணன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

மாலினி அணிலுக்குப் போடுவது போல பிரேக் போடவில்லை. வேகத்தைக் குறைத்து, கூட்டேரிப்பட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் மண் தரையில் வண்டியை இறக்கி நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை.

"எங்க?"

"வானூர்ல. நம்ம மண்டிக்கு மல்லாட்டை கொண்டாந்த பச்சைமுத்து பாத்துட்டு வந்து சொன்னான். பம்புசெட்டு ரிப்பேர் பண்ற பட்டறையில இருக்கானாம். நல்லா இருக்கானாம்."

"எப்ப சொன்னாரு?"

"போன மாசம்."

"அம்மாவுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா அப்பவே பஸ் ஏறிடுவா. அவனா வரட்டும்னு இருந்துட்டேன்." நயினார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவனா வந்தா நான் தோக்கவேணாம் பாரு."

மாலினி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் முகம் கோணிப் போயிற்று. அண்ணன் நன்றாக இருக்கிறான் என்ற அந்த ஒரு செய்திக்கு ஆறு மாதமாகக் காத்திருந்தவள்.

எதிரே நேராகப் போனால் திண்டிவனம். வலது பக்கம் பிரிகிற ரோடு மயிலம் போய், அங்கிருந்து வானூர்ப் பக்கம் போகிறது. சூரியன் பனைகளுக்குச் சமமாக இறங்கியிருந்தது.

"நேரா போகவாப்பா? திரும்பவா?"

நயினார் சூரியனைப் பார்த்தார். வானூர் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும்.

"அம்மா சாப்பிடாம காத்துகினு இருப்பாங்க" என்றாள் மாலினி. "பயந்தும் போயிடுவாங்க."

"இரு." அவர் இறங்கி, கடை ஓரம் நின்றிருந்த திண்டிவனம் பஸ்ஸை நோக்கி நடந்தார். கண்டக்டர் மார்க்கெட் தெருக்காரன்தான். ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார், அவன் தலையை ஆட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"இன்னா சொல்லி அனுப்புனீங்க?"

"வண்டி வந்துடுச்சு, அவ நல்லா ஓட்டறா, நாங்க வானூர் போய் ஜீவேந்திரனைப் பாத்துட்டு வர்றோம்னு வீட்டுல போய்ச் சொல்லச் சொன்னேன்."

"அப்பா, இன்னிக்கு ராத்திரி நமக்குச் சோறு கிடையாது. அம்மாவும் சாப்பிடமாட்டாங்க."

"நீயும் நானும் பட்டினி கெடப்போம். அவன் பேரக் கேட்டப்பறம் உங்க அம்மாவுக்கு சோறா எறங்கப்போவுது? திரும்பு."

மாலினி கையை வெளியே நீட்டி வலது பக்கம் காட்டினாள். சிவப்பு வண்டி மயிலம் ரோட்டில் ஏறியது. அண்ணன் வண்டியில் ஏறுவானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நயினார், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.